யாருக்கு மௌனம் சம்மதம்?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெண்ணைக் கேட்டோம், அவள் வாய் திறக்கவில்லை, ஆகவே சம்மதம்தான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம். இந்தப் பழைய வழக்கு இப்போது சர்க்காரின் கம்ப்யூட்டருக்குள்ளும் குடியேறிவிட்டது. ஆனால் அங்கே அது ஒரு தரப்புக்கு மட்டும்தான் செல்லுபடியாகும். முதலாளி மனுப் போட்டு அதிகாரி மௌனமாக இருந்தால், மனு ஏற்கப்பட்டதாக அர்த்தம். தொழிலாளி மனுப் போட்டு அதிகாரி மௌனமாக இருந்தால், மனு கிடப்பில் இருப்பதாக அர்த்தம். கிடப்பில் கிடந்தது கடைசியில் "நிராகரிக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லோடு அவனுடைய செல்போனுக்குத் திரும்பி வரும்.

இதைக் குமாஸ்தாக்களின் சோம்பேறித்தனம் என்றோ, யந்திரத்தின் கோளாறு என்றோ நினைத்து விட்டுவிடக் கூடாது. இது திட்டமிட்டு எழுதப்பட்ட விதி. எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் தெரிந்து கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

பழைய முறை நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மனுவை ஆபீசில் கொடுப்போம். தபால் குமாஸ்தா நம்பர் போடுவார். அது பிரிவு குமாஸ்தாவிடம் போகும். அவர் குறிப்பு எழுதி சூப்பிரண்டுக்கு வைப்பார். சூப்பிரண்டு கையெழுத்திட்டு அதிகாரிக்கு அனுப்புவார். நடுவில் கட்டு காணாமற் போகும். கவனிக்க வேண்டியவரைக் கவனித்தால் கிடைக்கும். அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் நம்மிடம் சொல்ல வேண்டாம். சிவப்பு நாடாவினால் கழுத்து நெரிக்கப்பட்டவர்கள் நாம்தான்.

புதிய முறையில் அந்தக் காகிதக் கட்டு இல்லை. மனு கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அது முதலில் யாருடைய திரைக்குப் போக வேண்டும், அவர் ஒப்புக்கொண்டால் அடுத்து யாருக்கு, எத்தனை ரூபாய் வரை கீழதிகாரியே முடிக்கலாம், எத்தனை நாள் ஒரு திரையில் தங்கலாம் என்பதையெல்லாம் ஒரு மென்பொருள் நடத்துகிறது. கம்பெனிகள் சாமான் வாங்குவதற்கும், பில் பாஸ் பண்ணுவதற்கும், லீவு கொடுப்பதற்கும் இதைத்தான் வைத்திருக்கின்றன. சர்க்கார் இலாகாக்களும் அதே வழியில் வந்துவிட்டன.

இந்த மென்பொருளை அமைக்கிறவர் ஒரு கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. குறித்த நாளுக்குள் அதிகாரி பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது? தானாக ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம். தானாகத் தள்ளிவிடச் சொல்லலாம். மேலதிகாரியின் திரைக்கு ஏற்றிவிடச் சொல்லலாம். ஒன்றும் செய்யாமல் அப்படியே வைத்திருக்கவும் சொல்லலாம். யந்திரத்துக்கு நான்கும் ஒன்றுதான். எதுவானாலும் ஒரு வரி எழுதுகிற வேலை. ஆனால் அந்த ஒரு வரியில்தான் வர்க்கம் உட்கார்ந்திருக்கிறது.

முதலாளிகளுக்கு எந்த வரியை எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்போம்.

2019லும் 2020லும் பார்லிமெண்டில் நிறைவேறி, 2025 நவம்பர் 21ந் தேதி அமலுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கு. அவற்றில் ஒன்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றியது. ஒரு தொழில் ஸ்தாபனத்தைப் பதிவு செய்ய முதலாளி மனுப் போடுகிறார். குறித்த காலத்துக்குள் அதிகாரி பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தத் தொகுப்பின் 3ஆம் பிரிவு சொல்கிறது. காலம் முடிந்த மறுகணமே ஸ்தாபனம் பதிவானதாகக் கருதப்படும். சான்றிதழைக் கம்ப்யூட்டர் தானாகவே தயாரித்துக் கொடுத்துவிடும். தவறிய பொறுப்பு அதிகாரியையே சேரும். வாசகர்கள் இதைத் திரும்பவும் ஒரு தடவை படிக்க வேண்டுகிறோம். மனிதக் கை படாமலே சான்றிதழ்! அதற்கு மேல் அதிகாரியின் தலையில் பழி!

இன்னொரு தொகுப்பு தொழிலுறவு பற்றியது. முந்நூறும் அதற்கு மேலும் தொழிலாளர்கள் உள்ள ஆலையில் வேலையில்லாமல் நிறுத்தி வைக்கவோ, ஆட்குறைப்புச் செய்யவோ, ஆலையையே மூடவோ சர்க்காரின் முன்அனுமதி வேண்டும். முன்பு இந்த எல்லை நூறாக இருந்தது. அதை முந்நூறாக்கி ஏராளமான சிறு ஆலைகளை வெளியே விட்டுவிட்டார்கள். மிச்சமிருக்கும் பெரிய ஆலைகளுக்காவது அனுமதி கட்டாயமா? முதலாளி மனுப் போட்டு 60 நாளைக்குள் சர்க்கார் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கருதப்படும். நியாயமாகச் சொல்வதானால், இந்த அறுபது நாள் விதி இந்த சர்க்கார் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல; 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தின் திருத்தங்களிலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் அன்று அது காகிதத்தில் இருந்த விதி. சங்கத் தலைவர்கள் லேபர் கமிஷனர் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து, "மனு எங்கே? யாரிடம் இருக்கிறது? எங்களை ஏன் விசாரிக்கவில்லை?" என்று கேட்க முடிந்தது. நாட்களைக் கம்ப்யூட்டரே எண்ணும்போது, ஆயிரம் குடும்பங்களின் அடுப்பை அணைக்கிற உத்தரவு யாருடைய பேனாவும் அசையாமல் பிறந்துவிடும்.

சரி, தொழிலாளிகள் சங்கத்தைப் பதிவு செய்ய மனுக் கொடுத்தால்? அதிகாரி மௌனமாயிருந்தால் சங்கம் பதிவானதாகக் கருதப்படும் என்று அதே தொழிலுறவுத் தொகுப்பில் எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா? இல்லை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024ல் சங்கப் பதிவுக்கு மனுக் கொடுத்தார்கள். பதிவு வரவில்லை. 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஐகோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜனவரியில்தான் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஸ்தாபனத்துக்குச் சான்றிதழைத் தானாக அச்சடிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு, சங்கத்தின் சான்றிதழை மட்டும் அச்சடிக்கத் தெரியாதா?

இனி பஞ்சாலைத் தொழிலாளியின் பி.எப். விஷயத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் ஒரு தொழிலாளி ஆயுளில் சேர்த்த ஒரே சொத்து பெரும்பாலும் அதுதான்.

கோவையிலோ திண்டுக்கல்லிலோ ராஜபாளையத்திலோ ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் உழைத்து வெளியே வரும் ஒருவரை எடுத்துக் கொள்வோம். ஆலைப் பதிவேட்டில் அவர் பெயர் "கே. மாரிமுத்து". ஆதாரில் தகப்பனார் பெயரையும் சேர்த்து "மாரிமுத்து கருப்பசாமி". வங்கிப் புத்தகத்தில் "மாரிமுத்து கே". இன்ஷியலை முன்னால் போடுவதும் பின்னால் போடுவதும் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. இங்கிலீஷில் எழுதும்போது ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் ஊரில் யாரும் அவரை வேறு ஆள் என்று சொல்வதில்லை. வயதை மட்டும் சொன்னவர்களுக்கெல்லாம் ஜனவரி 1ந் தேதியையே பிறந்த நாளாகப் போட்டுவிட்ட ஆதார் அட்டைகள் எத்தனை! முன்பு ஒரு குமாஸ்தா இந்த மூன்று காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆள் ஒருவர்தான் என்று தெரிந்து கொள்வார். தெரியாவிட்டால் எதிரில் நிற்கிறவரைக் கேட்பார். யந்திரம் கேட்காது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கும். ஒத்துவராவிட்டால் தள்ளிவிடும்.

இது கற்பனைக் கஷ்டமல்ல. வேலையை விட்டவர்கள் கணக்கை முடிக்கக் கேட்டுப் போட்ட மனுக்களில் 2017-18ல் நூற்றுக்குச் சுமார் 13 தள்ளப்பட்டன. 2022-23ல் அது நூற்றுக்குச் சுமார் 34 ஆகிவிட்டது. மூன்று பேரில் ஒருவர்! இடைப்பட்ட ஐந்து வருஷங்களில் தொழிலாளிகள் தங்கள் பெயரை மறந்துவிட்டார்களா, அல்லது திடீரென்று மோசடிக்காரர்களாகிவிட்டார்களா? இரண்டும் இல்லை. மனுக்கள் காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறின, அதுதான் நடந்தது.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1952ஆம் வருஷத்துச் சேமநிதித் திட்டத்தின் 72வது பத்தியில் ஓர் அருமையான விதி எழுதப்பட்டது. எல்லா விதத்திலும் சரியாக உள்ள மனுவைத் தக்க காரணமில்லாமல் 20 நாளைக்குள் தீர்க்கத் தவறினால், கமிஷனரே தாமதத்துக்குப் பொறுப்பு. தொகைக்கு வருஷத்துக்கு நூற்றுக்கு 12 வீதம் தண்டவட்டி விதிக்கலாம். அதை அவருடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். தொழிலாளிக்குச் சாதகமாக இப்படி ஒரு விதி எழுதியவர்களை வாழ்த்தலாம். ஆனால் அதில் "எல்லா விதத்திலும் சரியாக உள்ள மனு" என்ற சொற்களைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நாள் மனுவைத் தள்ளிவிட்டால் என்ன ஆகிறது? மனு சரியில்லை என்று ஆகிவிடுகிறது. தாமதம் என்பதே இல்லை. தொழிலாளி திருத்தித் திரும்பப் போட்டால் கடிகாரம் முதல் நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது. மூன்று தடவை தள்ளினால் மூன்று கடிகாரம். ஆபீஸ் கணக்கில் மூன்று மனுக்களும் உரிய காலத்தில் "தீர்க்கப்பட்டவை". தொழிலாளியின் கையில் மட்டும் காசு இல்லை. எல்லாக் குறைகளையும் முதல் தடவையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும், சிறுகச் சிறுகச் சொல்லித் திரும்பத் திரும்பத் தள்ளக்கூடாது என்று மேலிடத்திலிருந்தே சுற்றறிக்கைகள் போயிருக்கின்றன. நோய் இல்லாமலா மருந்துச் சீட்டு எழுதினார்கள்?

பெயரைத் திருத்தலாமே என்பார்கள். திருத்தலாம். 2025 ஜனவரியில் அதற்குச் சில சலுகைகள் கொடுத்தார்கள். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு கணக்கு எண் வாங்கி, ஆதாரையும் இணைத்திருப்பவர்கள் பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களைத் தாங்களே திருத்திக் கொள்ளலாம் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அதற்கு முந்தி எண் வாங்கியவர்கள் முதலாளி மூலமாகத்தான் போக வேண்டும் என்று வைத்தார்கள். முப்பது வருஷம் உழைத்தவர் எந்த வகையில் சேர்வார்? பழைய வகையில்தான். பாடுபட்ட வருஷம் கூடக் கூட முதலாளியின் வாசலில் நிற்க வேண்டிய நாளும் கூடுகிறது. முதலாளியோ கணக்கில் தகராறு வைத்துக்கொண்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தாமலே இருப்பார். அவருடைய அந்த மௌனத்துக்கு எந்தக் கடிகாரமும் கிடையாது.

அதே சேமநிதி நிறுவனத்தின் இன்னொரு முகத்தையும் மறைக்க நாங்கள் விரும்பவில்லை. நோய் செலவு, கல்யாணம், படிப்பு, வீடு ஆகியவற்றுக்கான முன்பணத்தை மனிதர் யாரும் தொடாமல் கம்ப்யூட்டரே பாஸ் செய்யும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் எல்லையை 2024 மே மாதத்தில் 1 லட்ச ரூபாயாகவும், 2025 ஜூனில் 5 லட்ச ரூபாயாகவும் உயர்த்தினார்கள். விவரங்கள் ஒத்துப்போனவர்களுக்கு மூன்று நாளில் பணம் வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கிடத்திவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லத் தேவையில்லை. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. யந்திரம் தொழிலாளிக்குச் சாதகமாகவும் ஓடும், ஓடச் சொன்னால்.

கிராமத்துக்கு வருவோம். நூறு நாள் வேலையை விட நீளமான ஒப்புதல் சங்கிலி இந்த நாட்டில் வேறு எதற்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏரிக்கரையில் மண் வெட்டுகிற பெண்ணின் கூலி, வருகைப் பதிவேடு, வேலை அளவு, கூலிப் பட்டியல், முதல் அதிகாரியின் கம்ப்யூட்டர்க் கையெழுத்து, இரண்டாம் அதிகாரியின் கம்ப்யூட்டர்க் கையெழுத்து, பிறகு டில்லியின் பணப் பட்டுவாடா ஏற்பாடு, பிறகு ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு என்று இத்தனை வாசல்களைத் தாண்டித்தான் கைக்கு வர வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளங்களிலும் தினம் இரண்டு தடவை செல்போனில் படம் பிடித்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. 2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழியே மட்டும்தான் கூலி என்றார்கள். சிக்னல் இல்லாத பொட்டலில் படம் ஏறவில்லையென்றால், முதுகு ஒடிய வெட்டிய மண் அங்கேயே கிடந்தாலும் அன்றைய கூலி கிடையாது.

இவ்வளவும் மோசடியைத் தடுப்பதற்காக என்று சொன்னார்கள். தடுத்ததா? 2025 ஜூலையில் மத்திய கிராம வளர்ச்சி இலாகாவே மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய படத்தையே திரும்பப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், ஒரே ஆட்களின் படத்தைப் பல பதிவேடுகளில் சேர்க்கிறார்கள் என்று அதில் பட்டியல் போட்டது. பரிகாரம் என்ன சொன்னது தெரியுமா? பஞ்சாயத்து மட்டத்தில் எல்லாப் படங்களையும் மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வேண்டும் என்றது! காண்டிராக்டருக்கும் கையாளுக்கும் யந்திரத்தை ஏமாற்றத் தெரிந்திருக்கிறது. அதற்குள் மாட்டிக்கொண்டு கூலியை இழந்தவர்கள் மண் வெட்டியவர்கள்தான்.

தாமதத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று அந்த 2005ஆம் வருஷத்துச் சட்டம் சொன்னது. 15 நாளைக்குள் கூலி வர வேண்டும். பதினாறாம் நாளிலிருந்து நாளொன்றுக்கு நூற்றுக்கு 0.05 வீதம். 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஆறு நாள் கூலி 2016 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமதத்தின் விலை ஒரு ரூபாய்! கந்துவட்டிக்காரனிடம் அந்த ஏழைப் பெண் அதே ஆறு நாட்களுக்குக் கடன் வாங்கியிருந்தால் என்ன வட்டி கொடுத்திருப்பாள் என்று கணக்குப் பாருங்கள். அந்த ஒரு ரூபாயையாவது ஒழுங்காக எண்ணினார்களா என்றால் அதுவும் இல்லை. அதிகாரிகளின் இரண்டாம் கையெழுத்து விழுகிற வரைக்கும்தான் தாமதத்தைக் கம்ப்யூட்டர் எண்ணியது. அதற்குப் பிறகு டில்லியில் பணம் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தாலும் அது தாமதமே அல்ல என்பது போல் விட்டுவிட்டது. இரண்டாம் கட்டத் தாமதத்துக்கும் மத்திய சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும் என்று 2018 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் விஷயம் ஊரறிய வெளியே வந்தது.

2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் என்ன நடந்தது என்று கிராமத்து வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் வந்தது, கூலி வரவில்லை. பாக்கி 1056 கோடி ரூபாய் என்று 2025 ஜனவரியில் மாநில முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தால் பதிவேடு சரி, அளவு சரி, முதல் கையெழுத்து சரி, இரண்டாம் கையெழுத்து சரி. எல்லா ஒப்புதலும் முடிந்திருந்தது, பணம் மட்டும் இல்லை.

வேலை கேட்பதிலும் இதே வித்தைதான். மனுக் கொடுத்து 15 நாளைக்குள் வேலை தராவிட்டால் முதல் முப்பது நாளைக்குக் கூலியில் கால்பங்குக்குக் குறையாமலும், அதற்கு மேல் பாதிக்குக் குறையாமலும் படி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. ஆனால் மனுவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நாளிலிருந்துதான் கடிகாரம் ஓடும். எப்போது ஏற்றினார்கள்? வேலை தயாரான பிறகு ஏற்றினார்கள். வேலை கேட்ட அன்றே வேலை கிடைத்ததாகக் கணக்கு. படி கொடுக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் இந்தச் சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. நூறு நாளை 125 நாளாக்கிவிட்டோம் என்று மந்திரிகள் மார்தட்டினார்கள். செலவில் நூற்றுக்கு நாற்பதைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் கட்டியதையும், விதைப்பு அறுவடைக் காலங்களில் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்க வழி செய்ததையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். நம்முடைய விஷயத்துக்கு வேண்டியது வேறு. கைரேகை, முகம் போன்ற உடல் அடையாளச் சோதனையும், மோசடியைக் கண்டுபிடிக்கச் செயற்கை அறிவும் பயன்படுத்தப்படும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை யந்திரம் படிக்குமா என்பதைப் பற்றி அங்கே கவலைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

அப்படியானால் யந்திரமே வேண்டாம் என்கிறோமா? எங்களைப் பற்றி இந்த அவதூறு புதிதல்ல. 1960களில் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஊழியர்கள் கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் கட்டிடத்தில் கம்ப்யூட்டரை இறக்கவிடாமல் இரவும் பகலும் காவல் காத்தபோதும் இதையேதான் சொன்னார்கள். வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய நாட்டில், ஆட்களை வெளியே தள்ளுவதற்காக வந்த யந்திரத்தை அவர்கள் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டங்களுக்குப் பின்தான் ஆட்டோமேஷன் பற்றி ஆராய தண்டேகர் தலைமையில் ஒரு கமிட்டியை சர்க்கார் நியமித்தது. அது 1972ல் அறிக்கை கொடுத்தது. இன்று கம்ப்யூட்டர் எல்லோர் கையிலும் இருக்கிறது. அதை உடைக்கச் சொல்லும் பைத்தியக்காரர்கள் நாம் அல்ல. லஞ்சம் கேட்கிற குமாஸ்தாவின் மேஜைக்குத் திரும்பிப் போகவும் நமக்கு ஆசையில்லை. விதியை யார் எழுதுவது என்பதுதான் நம் கேள்வி.

அதற்கான கோரிக்கைகளை நாம் தெளிவாக வைக்க வேண்டும். முதலாளியின் மனுவுக்கு மௌனம் சம்மதமானால் தொழிலாளியின் மனுவுக்கும் அதே மௌனம் சம்மதமாக வேண்டும். இருபதாம் நாள் தாண்டிய பி.எப். மனுவுக்குப் பணம் தானாகப் போகட்டும். பிழை இருந்தால் பிறகு பார்த்துக் கொள்ளட்டும். தவறாகப் பதிவான ஒரு ஸ்தாபனத்தால் விளையக்கூடிய கேட்டை விட, தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் சொந்தப் பணத்தால் விளையும் கேடு பெரிதா என்ன? ஆட்குறைப்புக்கும் ஆலை மூடுவதற்கும் தானியங்கி அனுமதி என்பதை அடியோடு ஒழிக்க வேண்டும். அந்த உத்தரவை ஒரு மனிதர், தன் பெயரைப் போட்டு, தொழிலாளர்களை விசாரித்த பிறகே எழுத வேண்டும். ஒரு மனுவைத் தள்ளும்போது தள்ளியவர் யார், எந்த விதியின் கீழ், என்னென்ன குறை என்பது முழுவதும் தமிழில் தொழிலாளியின் கைக்கு வர வேண்டும். தள்ளிய மனு திரும்ப வந்தால் கடிகாரம் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும்.

ஆலைகளுக்குள்ளும் இந்த மென்பொருள் நுழைந்துகொண்டிருக்கிறது. லீவுக்குச் செல்போனில் மனு, ஷிப்டு மாற்றத்துக்குச் செல்போனில் மனு. மேஸ்திரி பார்க்காமல் விட்ட லீவு மனு சம்பளமில்லா நாளாகப் பதிவாகிறதா, லீவாகப் பதிவாகிறதா? சங்கங்கள் இதை உடனே விசாரிக்க வேண்டும். லீவு, ஷிப்டு, வேலை நேரம் ஆகியவற்றில் மாற்றம் செய்வதற்கு 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவிலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. மென்பொருளில் ஒரு வரியை மாற்றி லீவு விதியை மாற்றினாலும் மாற்றம் மாற்றம்தான். கம்ப்யூட்டர் அப்படி அமைந்திருக்கிறது என்று நிர்வாகம் கையை விரிப்பதை ஒப்புக்கொள்ளக் கூடாது. அது தானாக அமையவில்லை; பணம் கொடுத்து அப்படி அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நம் கையிலேயே ஓர் ஆயுதம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய காகிதக் கட்டு எங்கே கிடந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. கம்ப்யூட்டர் அப்படியல்ல. மனு எந்த நிமிஷத்தில் யாருடைய திரைக்கு வந்தது, எப்போது திறந்தார், எத்தனை நாள் வைத்திருந்தார், எப்போது தள்ளினார் என்பதெல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். தொழிலாளியைக் கண்காணிக்க வைத்த கண் அதிகாரியையும் பார்த்துக் கொண்டேதான் இருக்கிறது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்கும் உரிமையை 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் கொடுத்தது. அங்கேயும் மௌனத்தின் கதை ஒன்று உண்டு. 30 நாளைக்குள் பதில் தராவிட்டால் தகவல் மறுக்கப்பட்டதாகவே கருதப்படும் என்கிறது அந்தச் சட்டம். சாதாரண ஜனங்கள் கேட்டால் மௌனம் மறுப்பு! ஆனாலும் அந்த மறுப்பின் மேல் அதே ஆபீசின் மேலதிகாரியிடம் 30 நாளைக்குள் அப்பீல் செய்யலாம். கீழே அமுங்கிக் கிடந்த மனு அப்போதாவது மேலதிகாரியின் பார்வைக்கு வரும்.

ஆகவே, வேலை கேட்கும் மனுவைக் காகிதத்தில் கொடுத்து, தேதி போட்ட ரசீதை வாங்காமல் பஞ்சாயத்து ஆபீசை விட்டு நகராதீர்கள். செல்போனுக்கு வந்த நிராகரிப்புச் செய்தியை அழிக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஆலைச் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையும் இந்த நோட்டுகளைச் சேர்த்து ஒரே பதிவேடாக்க வேண்டும். ஒருவர் மனு தள்ளப்பட்டால் அவருடைய பெயரில் பிழை என்பார்கள். அதே காரணத்துக்காக ஒரே ஆலையில் நாற்பது பேருடைய மனு தள்ளப்பட்டிருக்கிறது என்று காட்டினால் என்ன சொல்வார்கள்? தகவல் கேட்கும் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். அதில் எழுத வேண்டியது மூன்றே கேள்விகள்: என் மனு எந்தத் தேதியில் எந்த அதிகாரியின் திரைக்கு வந்தது? எத்தனை நாள் அங்கே இருந்தது? எந்த விதியின்படி, யாருடைய கையெழுத்தில் தள்ளப்பட்டது?